இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு, ஒரு விசில்

“இந்த ரெக்கார்டுல பாடுனது அவங்க. ஆனா இதைத் தூக்கி நிறுத்துனது என்னோட விசில்” என்று சொல்லிவிட்டுத்தான் மருந்துக்கடைக்காரர் இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்குவார். வந்திருப்பவர் குழாய் ரிப்பேர் செய்பவராக இருக்கலாம், மேல்வீட்டுக்காரராக இருக்கலாம். கேட்காமல் தப்ப முடியாது.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு ராக் குழு விளையாட்டு மைதானத்தில் இரண்டு நாள் கச்சேரி செய்தது. அது இப்போதுதான் இசைத்தட்டாக வந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு முடியும் இடத்தில், அத்தனை பேர் கூச்சலையும் கிழித்துக்கொண்டு ஒரு விசில் கிளம்பும். அதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் இவர் ஆட்காட்டி விரலை உயர்த்துவார். அறையில் யாரும் மூச்சு விடக் கூடாது. விசில் ஓய்ந்ததும், பட்டம் வாங்கியவர்போலத் தலையை லேசாகத் தாழ்த்திக்கொள்வார். சந்தேகப் பிராணிகளுக்காகச் சுவரில் சான்றும் உண்டு: சட்டம் போட்ட நுழைவுச்சீட்டு. சனிக்கிழமை, மாலை ஆறு மணி.

“எங்க, ஒருதடவை அடிச்சுத்தான் காட்டுங்களேன்” என்று கேட்டவர்கள் உண்டு. “பல்லு கட்டுனதுலேருந்து காத்து நிக்க மாட்டேங்குது” என்பார். பல் கட்டியது போன வருடம். அதற்கு முந்தைய முப்பது வருடம் காற்று எங்கே போயிருந்தது என்று கேட்கும் அளவுக்கு நாகரிகம் கெட்டவர்கள் அந்த வீட்டுக்கு வருவதில்லை.

கடையில் ஆளே வேறு. டாக்டர்களின் கிறுக்கலைக் கண்ணாடி போடாமலே படிப்பார். சட்டைப்பையில் எப்போதும் மருந்து டப்பாவில் ஒட்டும் எச்சரிக்கை லேபிள் தாள் ஒன்றை மடித்து வைத்திருப்பார். “பொடி எழுத்துல போட்டிருக்கான்ல, அதைப் படிக்காம முழுங்குனா மருந்து என்ன பண்ணும்?” என்று தினம் பத்துப் பேரையாவது கடிந்துகொண்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகள், தான் கட்டிக்கொள்ளப் போகிறவரைக் கூட்டி வருவதாக இருந்தது. அவருக்கும் அந்தக் குழு என்றால் உயிராம். வீட்டைப் பார்க்கிறாரோ இல்லையோ, மாமாவின் விசிலைக் கேட்டே ஆக வேண்டும் என்றிருக்கிறார். ஒரு வாரமாக மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று காலையில் மட்டும் இசைத்தட்டை மூன்று முறை துடைத்தாயிற்று.

அட்டை உறையைத் துடைத்த மனைவி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதன் அடி ஓரத்தைப் படித்தார்.

“ஏங்க, நீங்க போனது சனிக்கிழமைதானே?”

“இதென்ன கேள்வி? சுவத்துல தொங்குதே.”

“ரெண்டாம் பக்கம் பூரா வெள்ளிக்கிழமை பதிவு பண்ணதுன்னு போட்டிருக்கு. அன்னைக்கு உங்களுக்குப் பரீட்சைன்னு சொல்வீங்களே.”

மருந்துக்கடைக்காரர் உறையை வாங்கினார். எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். அச்சுப்பிழை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, விசிலுக்கு ஏது கிழமை என்றார்.

“வர்ற பிள்ளை சோப்பு டப்பாவைக்கூட ஓரம் விடாம படிக்குமாம். உங்க பொண்ணுதான் சொன்னா” என்று சொல்லிவிட்டு மனைவி டீ போடப் போனார்.

அழைப்புமணி அடித்தது.

மருந்துக்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து லேபிள் தாளை எடுத்தார். ஒன்றை நகத்தால் உரித்து, உறையின் அடி ஓரத்தில் அந்தப் பொடி எழுத்தின் மேல் அளவாக ஒட்டி, குமிழி நிற்காமல் கட்டைவிரலால் இரண்டு முறை நீவிவிட்டார்.

‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’