கால்வாயில் போட்ட இரும்புத் துண்டு

எனக்குச் சந்தேகம் வந்தால் சோறு இறங்காது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு மாதம் நான் அரைவயிறோடுதான் இருந்தேன்.

முதலில் தூள். கணவரின் சட்டைக் கைமடிப்பில், குளியலறைத் தொட்டி ஓரத்தில், சலவை இயந்திரத்தின் ரப்பர் விளிம்பில் மண்ணிறத் தூள். ரொய்சி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற மனுசனுக்கு மரத்தூள் எங்கிருந்து வரும்? கேட்டேன்.

"அலுமாரிக்குக் கால் ஒண்டு செய்யிறன்" என்றார்.

எங்கள் வீட்டில் மர அலுமாரி இரண்டு. குனிந்து பார்த்தேன். எட்டுக் காலும் திடமாகத்தான் நின்றன.

பிறகு சனிக்கிழமைகள். கூடுதல் நேர வேலை என்று சொல்லிவிட்டுக் காலையில் போவார். நான் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் காசுமேசையில் இருக்கிறேன். புறநகரான ஸ்தேனில் இருந்து சாமான் வாங்க வரும் ஒரு அக்கா ஒருநாள் கறிவேப்பிலையைக் கிளறியபடி சொன்னார்: "உங்கடை அவரைப் போன சனிக்கிழமை எங்கடை பக்கம் கண்டனான். தோளிலை நீட்டுப் பை. வயலின் பழகிறாரோ?"

சிரித்துச் சமாளித்தேன். அவருக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். ரொய்சி ஒரு பக்கம், ஸ்தேன் இன்னொரு பக்கம். வேறு பெண் யாருமோ என்றும் யோசித்தேன். ஆனால் பெண்ணைப் பார்க்கப் போகிறவர் சவரமாவது செய்துகொண்டு போவார். இவர் எண்ணெய் மணக்கும் பழைய ஜக்கெட்டோடு போனார். சமையல் எண்ணெயும் இல்லை, தலைக்கு வைக்கும் எண்ணெயும் இல்லை.

மகள் படிக்க லியோன் போனபின் அவளுடைய அறை வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஓர் இரும்புப் பெட்டகம் வந்து நின்றது. சாவி எப்போதும் அவருடைய பையில். ஒரு மத்தியானம், காலை வேலை முடித்து வந்து அவர் அயர்ந்து தூங்கியபோது, சாவியை எடுத்துத் திறந்தேன்.

துவக்கு. முழுத் துவக்கு இல்லை, பாதி. பளபளவென்று தேய்த்த மரக்கட்டை, கறுத்த நீளக் குழல், துணியில் சுற்றிய கைவிரல் நீள இரும்புத் துண்டு ஒன்று. கீழே ஒரு நீலக் கோப்பு. அதை நான் திறக்கவில்லை. திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பூட்டிவிட்டு வந்து அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்த மனுசன் யாரைச் சுடப் போகிறார்? வேலையிடத்தில் யாரோடும் கொழுவலா? யாரும் கொடுத்து வைத்திருக்கச் சொன்னார்களா? கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் நானும் கூட்டு என்று பயந்தேன். சோறு போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன், அவர் எங்கே கை வைக்கிறார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தேன்.

அந்தக் கிழமை லா சப்பல் மெற்றோ வாசலில் பொலிசார் நின்று போகிறவர் வருகிறவரின் பத்திரங்களைப் பார்த்தார்கள். இரண்டு பேர் எங்கள் கடை வாசலுக்கும் வந்தார்கள். நான் ஓர் ஆளுக்கு மிச்சக் காசை இரண்டு தரம் கொடுத்துவிட்டேன். ஊரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில், சின்னப் பிள்ளை எங்கோ பொறுக்கி வந்து விளையாடிய வெற்றுத் தோட்டா ஒன்று எங்கள் வீட்டில் அகப்பட்டது. அண்ணையைக் கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் விட்டார்கள். இன்று கனடாவில் வீடு, கார் எல்லாம் இருக்கிறது, ஆனால் கதவுக்கு முதுகு காட்டி அவர் இருப்பதில்லை. அதனால் வீட்டில் ஆபத்தான பொருள் இருந்தால் என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. வீட்டை விட்டு அகற்று, அவ்வளவுதான்.

கைப்பைக்குள் அடங்கியது அந்த இரும்புத் துண்டு மட்டும்தான். அடுத்த நாள் காலை அதை வெறும் மிளகாய்த்தூள் பைக்குள் போட்டு, ஸ்தாலின்கிராட் மெற்றோ நிலையம் வரை நடந்து, அங்கே ஓடும் கால்வாயில் போட்டேன். இரண்டு வாத்துகள் விலகிப் போயின. இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் பெட்டகத்தைத் திறந்தார். வெளியே வந்தபோது முகத்தில் இரத்தமில்லை.

"இஞ்சரும், இதுக்குள்ளை இருந்த இரும்பு எங்கை?"

"கால்வாயிலை."

கத்துவார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்துவிட்டார். நீலக் கோப்பைக் கொண்டுவந்து விரித்தார். சுடுதல் விளையாட்டுக் கழக அனுமதி, மருத்துவச் சான்று, பதிவுப் பத்திரம். கழகத்தில் ஒருவர் கழற்றி வைத்த குழல், இன்னொருவர் மரத்தில் வெடிப்பு விழுந்ததென்று ஒதுக்கிய கட்டை, இப்படி மிஞ்சிய பாகங்களை வாங்கித் தனக்கென்று ஒரு துவக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறார். கடதாசி வட்டத்தைச் சுட.

"நாள் முழுக்கப் பெட்டி தூக்கிறன். அங்கை ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடிச்சால் வேறை ஒண்டும் ஞாபகம் வராது" என்றார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"துவக்கெண்டு சொன்னால் நீர் விட்டிருப்பீரோ?"

விட்டிருக்க மாட்டேன்.

அந்தத் துண்டு, தோட்டாவை அடைத்துப் பிடிக்கிற முக்கிய பாகமாம்; அதற்கு இலக்கம் இருந்தது. இவர் பெயரில் பதிவு இருந்தது. அது வீட்டில் இருந்தவரை குற்றமில்லை. இல்லாமற் போனதும் பொலிசுக்கு உடனே சொல்ல வேண்டும். சொன்னால் அது மாவட்ட அரச அலுவலகமான பிரெபெக்சருக்குப் போகும். விமான நிலையத்துக்குள் போக விடும் ‘பாஜ்’ என்ற அட்டையைக் கொடுக்கிறதும் அதே பிரெபெக்சர். பாஜ் போனால் வேலையும் போகும். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நானே மாட்டிவிட்டிருந்தேன்.

அன்றே இருவரும் பொலிஸ் நிலையம் போனோம். அவர் சொன்னதை எழுதிய பொலிஸ்காரி, பிறகு அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். என் பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு, ஆனால் அவள் கேட்டது தெளிவாக விளங்கியது.

"மேடம், உங்கள் கணவருக்குப் பயந்தா அதை வீசினீர்கள்? அவர் உங்களை மிரட்டுகிறவரா?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் பாஜ் அந்த இடத்திலேயே முடிந்தது.

"அவரைச் சந்தேகப்பட்டேன். அது உண்மை" என்றேன். "ஆனால் வீசியது அவருக்குப் பயந்து இல்லை."

"வேறு யாருக்குப் பயந்து?"

"உங்களுக்கு."

தட்டச்சு நின்றது.

"பொலிசுக்கு. வீட்டில் அதைக் கண்டால் அவரைக் கொண்டு போவீர்கள் என்று."

 பிறகு அதையும் எழுதி, வாசித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன். பாஜ் தப்பியது. அட்டையைப் பறிக்கவில்லை என்று பிரெபெக்சர் கடிதம் வர ஐந்து கிழமை ஆனது.

அன்று பொலிஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்து தெருவில் நடந்தோம்.

"தனிய வைச்சு என்ன கேட்டவை?"

"உங்களுக்குப் பயந்தோ வீசினது, மிரட்டிறனீங்களோ எண்டு."

அவர் நின்றுவிட்டார். "நீர் என்ன சொன்னனீர்?"

பகிடி விடுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். பகிடி இல்லை. உதடு காய்ந்திருந்தது. இருபத்திரண்டு வருசத்தில் ஒருநாளும் என்மேல் கை ஓங்காத மனுசன், நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை எண்டுதான் சொன்னனான்" என்றேன்.

அவருக்கு மூச்சு வந்தது. நான் நடுத்தெருவில் நின்று அழுதேன்.