சந்தனம் வைத்த பெட்டி

லால்பேட்டைக்காரன் ஷாகிரின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் சவூதி, குவைத் என்று விமானம் ஏறிவிட்டார்கள். இவன் மட்டும் கடலூர் செம்மண்டலத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, ஸ்க்ரூடிரைவரும் கையுமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறான். பிழைக்கத் தெரியாதவன் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். போதாக்குறைக்கு இவனிடம் ஒரு வீம்பு. எது எதனால் கெட்டது என்று உள்ளதை உள்ளபடி வேலைக்குக் கூப்பிட்டவரிடம் சொல்லாமல் பையைத் தூக்க மாட்டான். மழுப்பிப் பேச வராது. அதனால் கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளர்கள் நிறைய.

விஜயதசமி அன்று காலையில் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மேனேஜர் செந்தமிழ்செல்வன்.

"பாய், ஒரு ரிப்போர்ட்டும் பிரிண்ட் ஆவல. ஆளுங்க வாசல் வரைக்கும் நிக்கிறாங்க. ஓடியாங்க."

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே கூட்டிப் பெருக்கும் மாரியம்மாள் ஒரு மூலையில் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்றாள்.

"நேத்து ஆயுத பூஜைக்குத் தொடைக்கிறேன்னு இந்தம்மாதான் எல்லா ஒயரையும் புடுங்குச்சு," என்றார் செந்தமிழ்செல்வன். "இவங்களாலதான்னு மட்டும் தெரியட்டும், நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்."

அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது ஷாகிருக்குத் தெரியும்.

ரத்தம் பார்க்கும் மிஷினோடு வந்த சாப்ட்வேர் அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் ஓடும். பிரிண்டரோ புதிய சர்வரின் பிடியில். பழசு பேசுவது புதுசுக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவில் ஷாகிர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை வைத்திருந்தான். பழையவை அனுப்புவதை அது வாங்கி, சர்வருக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுக்கும். கல்யாணத் தரகர் வேலைதான்.

சர்வரில் ஏதாவது அப்டேட் ஏறியிருக்க வேண்டும் என்று முதலில் அதைக் குடைந்தான். சர்வரில் ஒரு குறையும் இல்லை. பிரிண்டர் கேபிளை மாற்றினான். ம்ஹூம். கடைசியில் கறுப்புப் பெட்டியைத் தூக்கி, கேபிள் செருகும் துளைக்குள் டார்ச் அடித்தான். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் சந்தன வாசனை.

"அக்கா, இதுக்குப் பொட்டு வச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வச்சேன் பாய். போன வாட்டி நீங்கதான சொன்னீங்க, இந்தப் பொட்டிதான் இங்க எல்லாருக்கும் சோறு போடுதுன்னு. அதான் மத்ததுக்கெல்லாம் பேருக்கு வச்சுட்டு, இதுக்கு மட்டும் நல்லா கொழைச்சு வாயிலயே வச்சேன்."

தூசி படிந்த இந்தச் சனியன் எதற்கு என்று அவள் அன்று அலுத்துக்கொண்டபோது, சும்மா விளையாட்டாகச் சொன்னது அது. இவள் அதை நெஞ்சில் வைத்திருந்திருக்கிறாள்.

ஊசி போடும் இடத்திலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி, குச்சியில் சுற்றித் துளையைத் துடைத்தான். கேபிளைச் செருகியதும் பிரிண்டர் கடகடவென்று தாளைத் தள்ள ஆரம்பித்தது. செந்தமிழ்செல்வன் வந்துவிட்டார்.

"காரணம் என்ன பாய்?"

மாரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கேபிள் லூசாக இருந்தது என்று சொல்லிவிடலாம். நாக்கு புரளவில்லை.

"சந்தனம் சார். கேபிள் மாட்டுற எடத்துல போயிருச்சு."

அவர் மாரியம்மாள் பக்கம் திரும்பினார். ஷாகிர் குறுக்கே நின்றான்.

"இருங்க சார், முழுசா கேளுங்க. இதுதான் சோறு போடுதுன்னு அக்காகிட்ட சொன்னவன் நான். எங்க கை வைக்கக் கூடாதுன்னு சொல்லாம போனவனும் நான்தான். நிறுத்துறதுன்னா மொதல்ல என்னை நிறுத்துங்க."

இவனை நிறுத்திவிட்டால் அந்தப் பெட்டியை யார் பார்ப்பது? செந்தமிழ்செல்வன் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"சரி சரி, ரிப்போர்ட்ட எடுத்துக் குடுங்க," என்று நகர்ந்தார்.

ஷாகிர் மார்க்கரை எடுத்து, பெட்டியின் தலையில் ஒரு வட்டம் போட்டான்.

"அடுத்த வருஷம் பொட்ட இங்க வைங்கக்கா."

மாரியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்த வட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இப்பவே வச்சுடட்டுமா பாய்? நேத்து வச்சதத்தான் நீங்க சொரண்டிட்டீங்களே."