புகைநாளில் பால் முகர்ந்தவர்

வாகீசன் அங்கிள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகுதான். காலையில் வெங்காயம் தாளிக்கக்கூடாது. குளியலறையில் வாசமில்லாத சவர்க்காரம். நகரின் ஓரத்தில், மில்லிக்கனில் அந்த வீட்டு பேஸ்மென்ற்றுக்கு நான் குடிவந்த அன்று, சாவியைத் தருவதற்கு முன் அவர் மனைவி யோகமலர் அன்ரி இவற்றைத்தான் சொன்னார்.

"மற்ற மனுசர் கைக்கும் காலுக்கும் இன்சூரன்ஸ் எடுப்பினம். இந்த மனுசனுக்கு எல்லாம் மூக்குத்தான். சென்ற் அடிக்கிற பழக்கம் இருக்கோ உமக்கு?"

"இல்லை அன்ரி."

"நல்லது. அடிச்சாலும் ட்ரைவ்வேயில போய் நிண்டு அடியும்."

அங்கிளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பால் பவுசர், அதாவது பால் ஏற்றும் தாங்கி லொறி, ஓட்டுகிறார். இங்கே பண்ணைக்குப் போய்ப் பால் ஏற்றுகிற சாரதிதான் அந்தப் பாலின் முதல் பரிசோதகரும். குளிர்தொட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து, முகர்ந்து பார்க்கவேண்டும். நிறத்துக்குக் கண் இருக்கிறது, குளிருக்கு வெப்பமானி இருக்கிறது. மணத்துக்கு மூக்கு மட்டும்தான். சரியில்லை என்று அவர் சொன்னால் அந்தப் பால் பவுசரில் ஏறாது. பண்ணைக்காரர் அதைக் கீழே ஊற்றவேண்டியதுதான். இந்த வேலைக்கு வகுப்பு உண்டு, சோதனை உண்டு, அனுமதிப்பத்திரமும் உண்டு.

இரண்டு வருடம் நாடு நாடாக அலைந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். நான் பிறந்த நகரம் யாரோ ஒருவருடைய மூக்கை நம்பிப் பால் குடிக்கிறது என்பது, அங்கிள் வீட்டுப் பின்வளவில் கதிரையைப் போட்டுச் சொன்னபோதுதான் தெரியவந்தது.

இருபது வயதில் ஊரிலிருந்து வந்து சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு அடுக்குமாடியின் பத்தொன்பதாம் மாடியில் ஏழு பேரோடு இருந்தாராம். கோப்பை கழுவினார், பெட்டி ஏற்றினார், பிறகு லொறி ஓட்டினார். முப்பத்தெட்டாவது வயதில் பால் வகுப்புக்குப் போனார். வகுப்பில் பதினைந்து பேர். மற்றப் பதினான்கு பேரும் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆசிரியர் வரிசையாகக் கண்ணாடிக் குவளைகளை வைத்து, ஒவ்வொரு பழுதான மணத்துக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னார். அங்கிளுக்கு அந்தப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. அதனால் தனக்கென்று பெயர் வைத்துக்கொண்டார். ஒன்று நனைந்த பள்ளிக்கூடக் கொப்பி. ஒன்று தகரப்பேணி. இன்னொன்று, மூடிவைத்த சாப்பாட்டுப் பெட்டியைத் திங்கட்கிழமை திறப்பது. சோதனையில் ஒன்றையும் தவறவிடவில்லை.

"எப்பிடி அங்கிள்?"

"அவங்களுக்கு மாட்டுக்கொட்டில் மணம் பிறந்ததில இருந்தே பழக்கம் பிள்ளை. அது இருக்கிறதே தெரியாது. எனக்கு எல்லாம் புதுசு. புதுசா வந்தவனுக்குத்தான் மணக்கும்."

விடிவதற்குச் சற்று முன் புறப்படுவார். ஒஷாவா நகரைத் தாண்டி வடக்கே திரும்பியதும் வயல்களின் மேல் மூடுபனி படுத்திருக்கும். பசுக்களின் கால்கள் தெரியாது, முதுகுகள் மட்டும் வெள்ளையில் மிதக்கும். சில காலைகளில் தான் ஓட்டுகிறாரா, தெரு தன்பாட்டில் அவருக்குக் கீழே நழுவிப் போகிறதா என்று தெரியாதாம். அவருடைய கனவுகளிலும் படங்கள் குறைவு. ஏதோ ஒரு மணம் வரும், அதன் பின்னால் ஒரு கதவு திறக்கும், உள்ளே நிலவு நிறத்தில் பால் சுழன்றுகொண்டிருக்கும்.

அவருடைய வழியில் நான்கு பண்ணைகள். கடைசிப் பண்ணை பேனாட்டுடையது. பேனாட்டுக்கு அறுபது வயது இருக்கும். ஐம்பது பசுக்கள், மனைவி கிளடிஸ், ஒரு காது கேளாத நாய். பதினான்கு வருடமாக அங்கிள் இரண்டு நாளைக்கு ஒருதரம் அங்கே போகிறார். அந்தப் புகைநாள்வரை ஒருநாளும் பேனாட்டின் பாலை வேண்டாம் என்று சொன்னதில்லை.

2023ஆம் ஆண்டு மே மாதம் மழை பொய்த்தது. மேய்ச்சல் நிலத்தில் புல் விரலளவுக்கு மேல் எழும்பவில்லை. முந்தின வருடத்து வைக்கோலும் உலர்புல்லும் முடிகிற நேரம். இந்த நாட்டில் ஒவ்வொரு பண்ணைக்கும் இவ்வளவு பால்தான் என்று ஒரு அளவு உண்டு. விலை விழாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. கூடக் கறந்தால் அதற்குக் காசு இல்லை. குறையக் கறந்தால் பிறகு கூட்டிக் கறந்து ஈடுசெய்யலாம். ஆனால் வெயிலிலும் பசியிலும் நிற்கிற பசு அந்தச் சட்டத்தைக் கேட்கவேண்டுமே. பேனாட் அளவை எட்டுவதற்காகப் பக்கத்து மரக்கறித் தோட்டத்துக் குளிர்கிடங்கில் மிஞ்சிய கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, வாங்கிப் பசுக்களுக்குப் போட்டார். வெடித்த கோவா, கடைகள் எடுக்காத கோவா. கறந்து முடிந்த பிறகு போட்டால் பாலில் மணம் ஏறாது. அது பேனாட்டுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் மாதம் காடுகள் எரிந்தன. கியூபெக்கில் எரிந்த காட்டின் புகை எங்கள் வீட்டு யன்னல் வரைக்கும் வந்தது. சூரியன் செம்பருத்தி நிறத்தில் ஒரு வில்லையாகத் தொங்கியது. வெறுங்கண்ணால் அதைப் பார்க்க முடிந்தது. மத்தியானத்திலும் தெருவிளக்குகள் எரிந்தன. ஸ்டீல்ஸ் வீதியில் கார்கள் சத்தமில்லாமல் ஊர்வதுபோல இருந்தது.

அந்த நாள்களில் ஒரு காலை, அங்கிள் முதல் மூன்று பண்ணைகளையும் முடித்தார். அங்கே புகை இன்னும் அடர்த்தியாகவில்லை. மூக்கு வேலை செய்தது. மூன்று பாலும் பவுசருக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பேனாட்டின் பண்ணைக்குப் போகும்போது காற்று மாறியது. வயல்களில் ஒன்றும் தெரியவில்லை. கொட்டிலின் கூரை மட்டும் பழுப்பு வெளியில் தனியே நின்றது.

தொட்டியின் மூடியைத் திறந்து குனிந்தார். ஒன்றுமில்லை. எரிந்த விறகு மணம், அதுவும் தன் மூக்குக்குள்ளேயே இருந்து. வெளியே போய் மூக்கைச் சீறிவிட்டு மறுபடி வந்தார். ஒன்றுமில்லை.

தொழுவத்தில் பசுக்கள் எல்லாம் உள்ளே நிற்பதைக் கண்டார். அவற்றின் முன்னால் கோவா இலைகள் சிதறிக் கிடந்தன.

பேனாட்டும் அங்கிளும் பேசுவது ஆங்கிலத்தில்தான். ஆனால் அங்கிள் இந்தக் கதையை எனக்குச் சொன்னபோது பேனாட்டும் நல்ல யாழ்ப்பாணத் தமிழே பேசினார்.

"பேனாட், கோவா எப்ப போட்டனீ?"

"ராத்திரி. புகைக்கு மாடுகள் கத்திக்கொண்டே நிண்டுது. வெளியில விடேலாது. வாயை அடைக்கப் போட்டன்."

"கறக்க முதலோ?"

பேனாட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஓம். கறக்க முதல்தான். எனக்கு ஒண்டும் மணக்கேல்லை வாகி. நீ சொல்லு."

அங்கிளால் சொல்ல முடியவில்லை. அந்தப் பால் பழுதென்றால், பவுசருக்குள் இருக்கிற மூன்று பண்ணைப் பாலும் அதோடு பழுதாகும். பழுதில்லாமல் வேண்டாம் என்று சொன்னால், பேனாட்டின் இரண்டு நாள் உழைப்பு சாணக்குழிக்குள் போகும். அந்தக் கோடையில் பேனாட் அதைத் தாங்குவாரா என்பது அவருக்குத் தெரியவில்லை. போன வாரம்தான் பேனாட் எட்டுப் பசுக்களை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

வேலைக் கந்தோருக்குப் போனில் அழைத்தார். அங்கே வண்டிகளை அனுப்புகிற பெண் மயூரி, ஸ்காபரோவில் பிறந்தவள்.

"அங்கிள், டவுட் எண்டா ரிஜெக்ட். ரூல் அவ்வளவுதானே."

"டவுட் பாலில இல்லை பிள்ளை. மூக்கில."

"ஓ மை கோட். அதை என்னட்டச் சொல்லாதேங்கோ அங்கிள், நான் எழுதவேணும். பிறகு உங்களைத் திரும்ப லைசென்ஸ் ரெஸ்ற்றுக்குக் கூப்பிடுவினம்."

"எழுதும். வேற ஆளை அனுப்பேலுமோ?"

"இண்டைக்கோ? எல்லாரும் ரோட்டில. பன்ரண்டுக்கு முதல் பிளான்ற்றுக்கு வாங்கோ, ப்ளீஸ்."

அங்கிள் போனை வைத்துவிட்டுக் கொட்டில் வாசலுக்கு வந்தார். வகுப்பில் யாரும் இதற்கு ஒரு விடை சொல்லித் தரவில்லை. அப்போது அவருக்குத் தேத்தண்ணி ஞாபகம் வந்தது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பால் குளிரில் எதையும் காட்டாது. அடுப்பில் வைத்து ஆவி பறக்கும்போது அதன் குணம் வெளியே வரும். காலையில் தேத்தண்ணி போடுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். பொங்கவிட்டால் காய்ச்சிய மணம் மற்றதை மூடிவிடும். பொங்க முதல் இறக்கவேண்டும்.

"கிளடிசின்ர குசினிக்குள்ள விடுவியோ?" என்று பேனாட்டிடம் கேட்டார்.

கிளடிஸ் மூன்று நாளாக யன்னல் ஒன்றையும் திறக்கவில்லை. கதவின் கீழே ஈரத்துவாயை மடித்து வைத்திருந்தார். ஒரு மூலையில் காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் மெதுவாக மூச்சுவிட்டது. அங்கிள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனார். உப்புத்தண்ணியால் மூக்கைக் கழுவினார். பிறகு ஒரு கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து நிமிடம் சும்மா இருந்தார்.

"நித்திரையோ?" என்று கிளடிஸ் கேட்டார்.

"இல்லை. மூக்கு நித்திரையால எழும்புதோ எண்டு பாக்கிறன்."

குளிர்ப்பெட்டியில் புகைக்கு முன் எடுத்த பால் ஒரு சாடி இருந்தது. கிளடிஸ் அதையும் தொட்டிப் பாலையும் இரண்டு சட்டிகளில் சூடாக்கினார். ஐந்து கோப்பைகளில் ஊற்றினார். எதில் எது என்று கிளடிசுக்கு மட்டும் தெரியும். அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி ஒவ்வொன்றாகக் குனிந்தார்.

முதலில் ஆவி மட்டும். ஈரமான, இளஞ்சூடான ஆவி. அதற்குள்ளே, மிகத் தூரத்தில், யாரோ கதவைத் திறந்ததுபோல மணம் வந்தது. இரண்டாவது கோப்பை. நான்காவது கோப்பை. அவித்த கோவாவை மூடியோடு ஒருநாள் மறந்துவிட்ட மணம்.

"இதும் இதும்," என்றார்.

கிளடிஸ் பேனாட்டைப் பார்த்தார். பேனாட், "இன்னொருக்கா," என்றார்.

மறுபடி சூடாக்கி, மாற்றி ஊற்றினார்கள். இந்த முறை தொட்டிப் பால் மூன்று கோப்பைகளில் இருந்தது. அங்கிள் மூன்றையும் தள்ளிவைத்தார். தன் மூக்கு திரும்பிவந்ததில் அந்த நேரத்தில் அவருக்கு ஒரு துளி சந்தோசமும் வரவில்லையாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையையே பார்த்தாராம்.

"மன்னிச்சுக்கொள் பேனாட்."

பேனாட் ஒரு கோப்பையை எடுத்து மூக்கருகே நெடுநேரம் பிடித்தார். பிறகு கீழே வைத்தார். "நீ மணந்து பாக்காமல் வேண்டாமெண்டு சொல்லியிருந்தா, உன்னை வளவுக்குள்ளயே அடுத்த முறை விட்டிருக்கமாட்டன்."

"இனி?"

"இனி என்ன. வா, வந்து பிடி."

தொட்டியின் அடிக்குழாயைத் திறக்க இரண்டு பேர் வேண்டும் என்றில்லை. ஆனாலும் அங்கிள் போய்ப் பிடித்தார். பால் நாடாவாக வாய்க்காலில் ஓடியது. அந்தச் செம்புகை வெளிச்சத்தில் அது வெள்ளையாகத் தெரியவில்லை, பழுத்த மாம்பழத்தின் உட்பக்கம்போல இருந்தது. காது கேளாத நாய் வந்து கொஞ்சம் நக்கிவிட்டுப் போனது. முழுவதும் ஓடி முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பேனாட் நடுவில் ஒருதரம் மட்டும் பேசினார். விற்கப்போவது எட்டில்லை, பன்னிரண்டு என்றார்.

படிவத்தில் காரணம் எழுதுகிற கட்டத்தில் இரண்டு வரி எழுதினார். முதல் வரி தீவன மணம். இரண்டாவது வரியில், முதலில் தன்னால் முகர முடியவில்லை என்பதையும் சூடாக்கிப் பார்த்ததையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். அதற்காக அடுத்த மாதம் அவரைத் திரும்பச் சோதனைக்கு அழைத்தார்கள். அது வேறு கதை. அங்கிள் அதை தடிமனும் சளியும் பிடித்த ஒரு கதை போலத்தான் சொல்வார்.

அவர் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது நகரத்துக்குத் திரும்பிய அந்த ஓட்டத்தைப் பற்றித்தான். பால் பவுசருக்குள் தடுப்புச் சுவர் கிடையாது, கழுவவேண்டும் என்பதால். நிறைந்திருந்தால் பால் அசையாது. குறைந்திருந்தால் அலையடிக்கும். மூன்று பண்ணைப் பால் பழுதில்லாமல் அவருக்குப் பின்னால் இருந்தது. நான்காவதின் இடம் காலியாக இருந்தது. நெடுஞ்சாலையில் அது பேசாமல் வந்தது. நகரத்துக்குள் நுழைந்து முதல் சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. ஒரு கணம் கழித்துப் பால் முன்னுக்கு வந்து, முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல, அவரைத் தள்ளியது. பிறகு பின்னால் போய், மறுபடி வந்து தள்ளியது.

ஆலை வரைக்கும் பதினொரு விளக்குகள். அன்றைக்கு எல்லாமே சிவப்பு.