சூடாக இருந்தால் வேண்டாம்

வணக்கம்கூடச் சொல்லவில்லை. கேட்டைத் திறந்துவிட்டவரைத் தாண்டிப் போய், ஷெட்டில் கிடந்த மரம் அறுக்கும் மெஷினின் இன்ஜின்மேல் புறங்கையை வைத்துவிட்டார் கட்டைக்காரர். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. பிறகுதான் திரும்பி, "சூடா இருக்கே?" என்றார்.

"நீங்க வர்றீங்கன்னு இப்பத்தான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன்" என்றார் விற்கிறவர்.

ஆறிக் கிடக்கும் மெஷின் கயிற்றை இழுத்ததும் கிளம்பினால்தான் நல்ல மெஷின். முரண்டு பிடிக்கிறதை, ஆள் வருவதற்குள் இழுத்து இழுத்துச் சூடேற்றி வைத்திருப்பார்கள். வந்தவன் இழுத்ததும் சமர்த்தாகக் கிளம்பும். அவனும் ஏமாந்து தூக்கிக்கொண்டு போவான். "சூடா இருந்தா வேண்டாம்" என்பது கட்டைக்காரரின் சட்டம். வழக்கமாக இந்த இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். அன்று, "ஆறட்டும், உக்காந்திருக்கோம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். ஆன்லைன் விளம்பரங்களைப் பார்த்து, பழைய மெஷின்களை வாங்கிவந்து பிரித்து மேய்ந்து சரிசெய்வார். அதைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறுவது அவருடைய தம்பி. கார் வைத்திருக்கிற பாவத்துக்கு நான் துணை. "முன்னபின்ன தெரியாதவங்க வீட்டுக்கு இவரை ஒண்டியா அனுப்ப மாட்டேன், நீங்க கூடப் போங்க" என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். நான் பெரிய பயந்தாங்கொள்ளி என்பது அந்த அக்காவுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் கேட்டைச் சாத்திவிட்டு, கையில் உறுமுகிற மெஷினோடு திரும்பும்போதெல்லாம் நான் கார் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

சாப்பிடும்போதும் அவர் கண் போனில்தான். "படத்துல மெஷினைப் பாக்காதீங்க சார், அதுக்குப் பின்னாடி பாருங்க" என்பார். பின்னால் இன்னும் நாலைந்து மெஷின் தெரிந்தால் திருட்டுச் சரக்கு. 'கொஞ்சமே பயன்படுத்தியது' என்று போட்டிருந்தால், "மெஷினைக் கொன்னு எடுத்துட்டான்னு அர்த்தம்" என்பார்.

போகிற இடத்துக்கெல்லாம் ஒரு கட்டைப்பையில் காய்ந்த மரத்துண்டு ஒன்றைத் தூக்கி வருவார். பேர் வந்தது அதனால்தான். வெறும் காற்றில் ஓட்டிக் காட்டினால் நம்பமாட்டார், தன் கட்டையை அறுத்துப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, பின்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, பிளேடின் மூக்கை அந்தக் கட்டைமேல் பொத்தென்று விழவிடுவார். விழுந்த அதிர்ச்சியில், ஓடும் செயினை நிறுத்துகிற பிரேக் தானாகவே 'டக்'கென்று விழ வேண்டும். மரத்தின்மேல் நிற்கும்போது அந்த மூக்கு எதிலாவது இடித்தால், மெஷின் எகிறி அறுக்கிறவன் முகத்துக்கே வரும். அந்த 'டக்' வந்தால் ஆள் பிழைப்பான்.

ஒருவழியாக இன்ஜின் ஆறியது. இழுத்தார், கிளம்பியது. கட்டையை வெண்ணெய் மாதிரி அறுத்தது. அணைத்துவிட்டு மூக்கை விழவிட்டார்.

சத்தமே இல்லை.

மறுபடி விழவிட்டார். டக். இன்னொரு தடவை. டக்.

"அதான் பிடிக்குதே" என்றார் விற்கிறவர்.

"மொதல்ல பிடிக்கலியே."

"வாங்கறதுன்னா வாங்குங்க, இல்லேன்னா விடுங்க. வேற ஆளும் கேட்டிருக்காங்க."

கட்டைக்காரர் என்னைத் தனியே இழுத்துப் போனார். தம்பியின் மெஷின் உட்கார்ந்துவிட்டது. புயலில் சாய்ந்து ஒரு வீட்டின் கூரைமேல் தொங்குகிற மரத்தை நாளைக்கே இறக்குவதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். "இது இல்லேன்னா சிநேகிதனுங்ககிட்ட கேட்டு வாங்கிட்டு ஏறிடுவான் சார். அவனுங்க கைக்கு இடைஞ்சலா இருக்குன்னு பிரேக்கையே கழட்டிப் போட்டுட்டுத் திரியறவனுங்க." சொல்லிவிட்டு அவரே போய் மெஷினைத் தூக்கினார்.

வீட்டுக்கு வந்து பிரித்தார். பிரேக்குக்குள் மரத்தூளும் எண்ணெயும் களிம்பாக அடைத்திருந்தன. சுத்தமாக வழித்து, ஸ்பிரிங்கை மாற்றிப் பூட்டினார். பிறகு ஆரம்பித்தது. பொத், டக். பொத், டக். மாடியில் எங்கள் வீட்டுத் தரை அதிர்ந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கீழே இறங்கிப் போய், "அதான் சரியாயிடுச்சே, விடுங்களேன்" என்றேன்.

"தப்பாம விழுது சார். ஆனா அந்த மொத தடவை விழல பாருங்க" என்று மறுபடி மூக்கை விழவிட்டார்.

அவர் மனைவி கதவருகில் நின்றுகொண்டிருந்தார். "அவன் வேற வேலைக்குப் போகமாட்டேங்கறான். இவர் மெஷினை விடமாட்டேங்கறார். எனக்குத்தான் ரெண்டு பேரும் வீடு வந்து சேர்ற வரைக்கும் சோறு இறங்கறதில்ல" என்றார்.

மறுநாள் காலை நானும் போனேன், சும்மா இருக்கமுடியாமல். தம்பி மேலே ஏறிக் கிளைகளுக்குள் மறைந்துவிட்டான். கட்டைக்காரர் அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். அவர் எப்போதும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு காதால்தான் கவனிப்பார். மெஷின் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்வரை அவருக்கு மூச்சு சீராக வரும். மரத்தில் நிற்பவனைக் கூப்பிடக் கூடாது, கவனம் சிதறிவிடும் என்பது அவர்களுக்குள் கண்டிப்பு.

ஏறிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அறுந்தது. ஒரு கிளை பலமாக அசைந்து இலைகள் கொட்டின. இன்ஜின் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றது. அப்புறம் ஒன்றும் இல்லை. மரம் சாய்ந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் கட்டைக்காரரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்து திறந்து மூடியது, கூப்பிடவில்லை.

"அண்ணே, கயிறு விடு. இறங்கறேன்."

அவர் விட்டார். கைதான் பழக்கத்தில் விட்டது, அவர் அங்கே இல்லை. தம்பி தரையில் கால் வைத்ததும் மெஷினைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எகிறிடுச்சுண்ணே. பிரேக் பிடிச்சிருச்சு. ஒண்ணும் ஆவல" என்று சிரிக்கப் பார்த்தான்.

அவன் கழுத்தில், தொண்டைக்குக் குறுக்கே, கருப்பாக ஒரு கோடு. கீறல் இல்லை. நின்றுபோன செயினின் எண்ணெய்.

கட்டைக்காரர் மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, அந்தக் கோட்டின்மேல் புறங்கையை வைத்தார்.

"என்னண்ணே, காய்ச்சலா பாக்கறே?" என்றான் தம்பி.

அவர் கையை எடுக்கவில்லை.