அப்பாவின் கட்டிலுக்கு அளவு

ஏழாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்தவர். கணக்கைக் கையால் தொட்டுப் படிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. காக்கித் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டி, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, ஆளுக்கொரு அளவுநாடா செய்ய வைத்தார். அதைவிடப் பெரிய அதிசயம் அவருடைய கால்குலேட்டர். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவார். தட்டினால் எண்கள் பச்சையாக எரியும். வீட்டில் ஏதாவது ஒரு பொருளை அளந்து வருகிறவர்கள் அதன் கன அளவைத் தாங்களே தட்டிப் பார்க்கலாம் என்றார். அன்றைக்கே எங்கள் ஊரான கொட்டச்சேட்டில் தகரப்பெட்டி, சாமான் பெட்டி எதையும் பிள்ளைகள் விட்டுவைக்கவில்லை. நான் மட்டும் யாரும் அளக்காத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா அப்போது சேலம் பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து வீட்டில் படுத்திருந்தார். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தவர். ஓயாத இருமல். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள் என்றால் குணமாகிவிட்டது என்றுதானே பொருள்? பள்ளிக்கூடம் முழுக்க நான் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். அம்மா மாதா கோயிலே கதி என்று கிடந்தாள். அப்பா எழுந்து நடந்துவிடுவார் என்பதைத் தவிர வேறு பேச்சை அவள் யாரையும் பேச விடவில்லை.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் தச்சுப் பட்டறை வைத்திருந்த சித்தப்பா, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, உங்கப்பனுக்குப் புதுசா ஒரு கட்டில் போடலாம்னு இருக்கேன். மழை புடிச்சுட்டாப் பலகை காயாது, இப்பவே அறுத்து வெச்சாத்தான் ஆவும். நீதான் அளவெல்லாம் படிக்கறயே, உள்ள போயி நீளமும் அகலமும் எடுத்துட்டு வா."

அளவெடுப்பதே தொழிலாக இருக்கிறவர் என்னை ஏன் அனுப்புகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. பெருமை தலைக்கேறிவிட்டது. நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். சித்தப்பா உள்ளே வராமல் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சங்கதியைச் சொன்னதும் அப்பா சற்று நேரம் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு போர்வையைத் தள்ளிவிட்டு, கால்களை நீட்டி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நேராகப் படுத்தார்.

"எடு சாமி."

தலையிலிருந்து பாதம் வரை எடுத்தேன். தோளுக்குத் தோள் எடுத்தேன். நாடாவைச் சுருட்டும்போது அப்பாவே சொன்னார்: "நெஞ்சு ஒசரமும் எடுத்துக்க. உங்க சித்தப்பன் அதைச் சொல்ல மறந்துருப்பான்."

இருமலில் அளவு தப்பிவிடக் கூடாதென்று, நான் எடுத்து முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு, இப்படி ஒத்துழைக்கிற அப்பா வேறு யாருக்கு இருக்கிறார் என்றுதான் இருந்தது.

மறுநாள் வகுப்பில் எழுந்து, அப்பாவின் கட்டில் என்று சொல்லி மூன்று அளவுகளையும் படித்தேன். டீச்சர் கால்குலேட்டரை என் கையில் கொடுத்தார்.

"கட்டிலுக்கு எதுக்கும்மா நெஞ்சு உயரம்?"

"எங்கப்பாதானுங்க டீச்சர் எடுக்கச் சொன்னாரு. நொம்ப நேரம் அசையாமப் படுத்திருந்தாருங்க."

அது சவப்பெட்டிக்கு எடுத்த அளவு என்பது அந்த வகுப்பில் டீச்சர் ஒருவருக்குத்தான் விளங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். என் கணக்கு தப்பு என்று நினைத்து நான் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன். விடை மாறவே இல்லை.

சாயங்காலம் அப்பாவிடம், டீச்சருக்கு என் கணக்கு பிடிக்கவில்லை என்று முறையிட்டேன். என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று விசாரித்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"உன் கணக்கு சரிதாங் கண்ணு. அம்மாகிட்ட மட்டும் இப்பச் சொல்லீராத. கட்டில் வந்தப்பறம் பாத்துக்கட்டும்."

அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமான ரகசியம். அம்மா கோயிலிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கட்டில் வந்து இறங்கும் நாளில் அவள் முகம் எப்படி மலரப்போகிறது என்று பார்க்க, பாதையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன்.