செல்வம் தொட்ட கிடார்

உப்பளத்தில் என்னோடு வேலை பார்க்கும் செல்வம், ஆரோவில் வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஜப்பானில் செய்த எலக்ட்ரிக் கிடார் வாங்கினான். என்னுடையது நம் நாட்டில் செய்தது. எது நல்லது என்று பார்த்துவிட, வேலை முடிந்த ஈரக்காலோடு என் வீட்டுக்கு வந்தான்.

என் ஆம்ப்ளிஃபயரில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். வேறு யார் முன்னாலும் வாசிக்க எனக்குக் கூச்சம்.

"உன்னுது தகரம் மாதிரி கத்துதுப்பா. என்னுது வெண்ணெய்!" என்றான்.

"நீயே வாசிச்சுப் பாரு" என்று என் கிடாரை நீட்டினேன்.

கம்பியைத் தொட்டதும் அவன் உடம்பு விறைத்தது. விளையாடுகிறான் என்று நான் சிரித்தேன். அவன் கண் மேலே சொருகியது. என் மனைவி ஓடிப்போய் மெயினை அணைத்தாள். சரிந்து விழுந்தான். நல்லவேளை, மூச்சு இருந்தது.

கண் திறந்தவன், "ஏம்பா, கிடாரா அது, எமனா?" என்றான்.

எலக்ட்ரீஷியன் வந்து தோண்டிப் பார்த்தார். எர்த் கம்பியை உப்பு மண் முழுக்கத் தின்றிருந்தது. "ஆம்ப்ளிஃபயர்ல லீக்கான கரண்ட்டு மண்ணுக்குப் போகாம கிடாருக்கு வந்துட்டுதுங்க. நீங்க எப்படித் தப்பிச்சீங்க?" என்றார்.

உப்புத்தண்ணியில் வெடித்த பாதத்துக்காக நான் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுவேன். செல்வம் மரியாதைக்காக வாசலிலேயே கழற்றியிருந்தான். உப்பு மண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும் என்று நம்பி, நான் அதை ஒருநாளும் சோதித்ததில்லை.

இப்போது யாராவது எந்தக் கம்பெனி கிடார் நல்லது என்று கேட்டால், கூச்சத்தை விட்டு, "உங்க வீட்ல எர்த் பாத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.