பத்து மடங்கு குறைவு

போன புதன்கிழமை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். நல்ல மழை. கையில் குடை இல்லை – வழக்கமான மறதிதான். பின்னாலிருந்து ஒரு குடை என் தலைக்கு மேல் வந்தது.

"என்ன சேர், இப்படி நனையுறீங்க..."

யோகேஸ்வரி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஆய்வுகூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். பொலித்தீன் உறை போட்ட ஒரு சஞ்சிகையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவளுடைய முதல் ஆய்வுக் கட்டுரை, அச்சில்!

எனக்கு ஒரே பெருமை. "அம்மா பாத்தாங்களா புள்ள?" என்று கேட்டேன்.

"அம்மா தவறிட்டாங்க சேர். ரெண்டு மாசமாச்சு."

நீட்டிய சஞ்சிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கட்டுரையின் கதையை உங்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால் என்மேல் கோபம் வரும். வரட்டும்.

நான் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். ஆய்வு எழுதும் பிள்ளைகளின் ஆங்கிலத்தைச் சனிக்கிழமைகளில் பார்த்துக் கொடுப்பவன். பார்த்துக் கொடுப்பேன், திருத்திக் கொடுக்க மாட்டேன். பிழையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்வி. அவ்வளவுதான். தானாகக் கண்டுபிடித்தால்தானே மனதில் நிற்கும்? அப்படியொரு கொள்கை எனக்கு!

யோகேஸ்வரியின் ஆய்வு, தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிற மக்கள் குடிக்கிற பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழுகிற தண்ணீர் பற்றியது. மணலும் கரியும் போட்ட வடிகட்டியில் விட்டால் கிருமி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தாள். தினமும் கொழுந்து பறிக்கப் போகிற வழியில் போத்தல்களில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது அவளுடைய அம்மா பழனியம்மா. கட்டுரையின் முடிவில், நன்றி சொல்லும் இடத்தில், அந்தப் பெயரைப் போட்டிருந்தாள்.

"அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது சேர். அவங்க பேர மட்டும் வெரல் வச்சுக் காட்டணும்" என்று முதல் நாளே சொன்னாள்.

வடிகட்டிய தண்ணீரில் கிருமி 'டென் டைம்ஸ் லெஸ்' என்று எழுதியிருந்தாள். பத்து மடங்கு குறைவு – நாமெல்லாம் அன்றாடம் சொல்வதுதான். ஆனால் விஞ்ஞானத்தில்? ஒரு மடங்கு குறைந்தாலே பூச்சியம். மிச்ச ஒன்பது மடங்கும் எங்கே போய்க் குறையும்? வட்டம் போட்டேன். 'எதோடு ஒப்பிட்டு?' என்று பக்கத்தில் எழுதினேன்.

அடுத்த முறை 'பை எ ஃபாக்டர் ஒஃப் டென்', பத்தில் ஒரு பங்காக, என்று மாற்றியிருந்தாள். சரிதான். ஆனால் மழைக்காலத்தில் கிருமி 'ஃபைவ்ஃபோல்ட் ஹையர்', ஐந்து மடங்கு அதிகம், என்று இன்னோர் இடத்தில் இருந்தது. எந்தப் பீலியைவிட? எந்த மாதத்தைவிட? மறுபடியும் வட்டம். மறுபடியும் 'எதோடு ஒப்பிட்டு?' மூன்றாம் முறை எங்கிருந்தோ ஓர் 'ஓர்டர் ஒஃப் மேக்னிட்யூட்' வந்து குந்தியிருந்தது; அதே பத்து மடங்குக்குப் படித்தவர்கள் வைத்த பெயர். பெரிய ஆட்கள் எழுதுகிறார்களே என்று போட்டிருப்பாள், பாவம். விடுவேனா நான்?

நான்காம் முறை ஈமெயிலில் ஒரு வரி சேர்த்திருந்தாள். 'சேர், இந்தத் தடவ கொஞ்சம் சீக்கிரம் பாத்துத் தாங்க. அம்மாவுக்குச் சுகமில்ல.'

வாசித்தேன். வாசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடைசித் திகதி நெருங்கினால் மாணவர்களின் அம்மாமார் எல்லாருக்கும் சுகமில்லாமல் போகும்... முப்பது வருட வாத்தியார் புத்தி, சிரித்துவிட்டேன். கட்டுரை சனிக்கிழமை வரை அப்படியே கிடந்தது. சனிக்கிழமை இன்னொரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். ஒரே ஒரு வட்டம். நானே மூன்று சொல் எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அவள் அதைத் திருத்துவதற்குள் திகதி கடந்து, சஞ்சிகையின் அந்த இதழ் தவறிப்போனது. அடுத்த இதழ் வர ஐந்து மாதம் ஆனது. பழனியம்மா மூன்று மாதம்தான் இருந்தார்.

கிருமி எவ்வளவு குறைந்தது என்று இத்தனை கறாராகக் கேட்டவனுக்கு, ஒரு மனுஷிக்கு எத்தனை நாள் மிச்சம் என்று கேட்கத் தோன்றவில்லையே! இந்தக் கெட்டித்தனத்தை வைத்து என்ன செய்வது, சொல்லுங்கள்?

குடைக்குள் நின்றபடியே கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பெயர் இருந்தது.

"ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டே இருந்தாங்க சேர், புத்தகம் வந்துருச்சா, வந்துருச்சான்னு..."

"என்னாலதானே புள்ள..."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சேர். நீங்க பாத்துத் தந்ததாலதான் ஒரு வார்த்த மாத்தாம எடுத்துக்கிட்டாங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

ஹந்தானை பஸ் வந்தது. மாட்டேன் மாட்டேன் என்றபோதும் குடையை என் கையிலேயே திணித்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், துக்க வீட்டில் எல்லாரும் கேட்பதையே நானும் கேட்டேன்.

"கவல இப்பக் கொஞ்சம் கொறஞ்சிருக்கா புள்ள?"

மிதிபலகையில் ஒரு காலை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"எதோட ஒப்பிட்டு, சேர்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.